கிருபாசனம்: மூடியா, அரியணையா?

"உம்முடைய கிருபாசனத்தண்டை வருகிறோம், ஆண்டவரே." சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்த தமிழருக்கு இந்த வரி நாவில் ஊறியது. ஆனால் கிருபாசனம் என்றால் என்ன என்று கேட்டால், பரலோகத்தில் கடவுள் வீற்றிருக்கும் சிங்காசனம் என்பார் ஒருவர். பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டியின் மூடி என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான்.

கிருபை, ஆசனம் ஆகிய இரண்டும் வடசொற்கள். 'கிருபா' என்பதன் ஈற்று நெடிலும் 'ஆசனம்' என்பதன் முதல் நெடிலும் ஒன்றாகிக் கிருபாசனம் ஆயிற்று. இலக்கணத்தில் இதைத் தீர்க்க சந்தி என்பார்கள். 'கிருபையின் இருக்கை' என்பது நேர்ப்பொருள்.

எபிரேய மூலத்திலோ இருக்கை என்ற பொருளே கிடையாது. அங்குள்ள சொல் கப்போரெத். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் அதை இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் உள்ள பசும்பொன் தகடாக விவரிக்கிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 110 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம். பெட்டியின்மேல் அதை வைத்து, இரு ஓரங்களிலும் செட்டை விரித்த கேருபீன்கள் என்னும் வானதூதர் உருவங்களைப் பொன்னால் அடித்துச் செய்ய வேண்டும். வேர்ச்சொல்லுக்கு 'மூடுதல்' என்று பொருள் கொள்வோரும் உண்டு, 'துடைத்து நீக்குதல்' என்று கொள்வோரும் உண்டு. யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே அது வெறும் மூடியாக இருந்ததில்லை. பாவம் நிவிர்த்தியாகும் இடமாகவே அதைக் கண்டார்கள்.

கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு 'ஹிலாஸ்தேரியோன்' என்றார்கள். பாவநிவிர்த்திக்குரியது என்று அதற்குப் பொருள். ஆசனம் வந்து சேர்ந்தது ஜெர்மன் மொழியில். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் அதை 'க்னாடன்ஷ்டூல்' என்று பெயர்த்தார்: க்னாட என்றால் கிருபை, ஷ்டூல் என்றால் இருக்கை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும், 1740-இல் வந்த பப்ரிசியுஸும் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த ஜெர்மன் மிஷனரிகள், லூத்தரின் வேதாகமத்தில் ஊறியவர்கள். கிருபாசனம் என்ற தமிழ்ச்சொல்லின் அமைப்பு அந்த ஜெர்மன் சொல்லோடு அச்சாகப் பொருந்துகிறது.

இந்தச் சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால் லேவியராகமம் 16-ஐப் படிக்க வேண்டும். ஏழாம் மாதம் பத்தாம் தேதி, அதாவது பாவநிவாரண நாள். அந்த ஒரு நாளில்தான் பிரதான ஆசாரியன் கிருபாசனம் இருக்கும் உள்ளறைக்கு, திரைக்கு உள்ளே போகலாம். பொன்னும் நீலமுமான மகிமையின் உடைகளைக் களைந்து, சணல்நூல் அங்கியை உடுத்துகிறான். கையில் தூபகலசம். தணலின்மேல் தூபவர்க்கத்தைப் போட்டதும் புகை எழுந்து கிருபாசனத்தை மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் அவன் சாவான். பிறகு காளையின் இரத்தத்தில் விரலைத் தோய்த்துக் கிருபாசனத்தின்மேல் கிழக்குப்புறமாகத் தெளிக்கிறான். அதற்கு முன்பாக ஏழுதரம் தெளிக்கிறான். ஜனங்களுக்கான வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்துக்கும் அதே முறைதான். மக்கள் வெளியே நிற்கிறார்கள். கிருபாசனத்தை அவர்கள் ஆயுளில் ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை.

எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான், "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" (4:16) என்கிறார். இங்கே கிரேக்கத்தில் இருப்பது ஹிலாஸ்தேரியோன் அல்ல, 'கிருபையின் சிங்காசனம்' என்னும் தொடர். பெட்டியின் மூடியைச் சொல்லும் 9:5-இல்தான் ஹிலாஸ்தேரியோன் வருகிறது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் கிருபாசனம் என்றே போட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது துல்லியமில்லை. ஆனாலும் நிருபத்தின் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திராது என்பேன். வானங்களின் வழியாய்ப் போன மகா பிரதான ஆசாரியர் நமக்கிருக்கிறார் என்று முந்தைய வசனங்களில் சொல்லிவிட்டுத்தான் அவர் நம்மை வரச் சொல்கிறார். ஆசாரியனும் திரையும் இரத்தமும் அங்கே கூடவே வருகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பெட்டி இருந்த ஆசரிப்புக் கூடாரத்தில் மேசை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம் இல்லை. வேலை முடிவதே இல்லை. ஆசாரியன் நாள்தோறும் நின்றுகொண்டே அதே பலிகளைச் செலுத்துகிறான் என்கிறது 10:11. அடுத்த வசனத்தில், இயேசு ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார். அவர் ஆசாரியர்கள் வரும் லேவி கோத்திரத்தில் பிறக்காதவர், யூதா கோத்திரத்தார், ஆபிரகாம் காலத்து ஆசாரிய ராஜாவான மெல்கிசேதேக்கின் முறைமையின்படி ஆசாரியரானவர். அவர் உட்கார்ந்திருப்பதால் நமக்கு வழி திறந்திருக்கிறது. நம்பிக்கையை 'திரைக்குள்ளாகப் போகிற ஆத்தும நங்கூரம்' என்று 6:19 சொல்வதும் இந்த அடிப்படையில்தான். நங்கூரம் விழுந்திருக்கும் இடம் கிருபாசனம் இருக்கும் அந்த உள்ளறை.

'தைரியம்' என்ற சொல்லை நாம் சற்று மெலிதாக எடுத்துக்கொள்கிறோம். மூலத்தில் அது 'பர்ரேசியா'. அத்தேனே நகரக் குடிமகன் சபையில் எழுந்து மனதில் உள்ளதை ஒளிக்காமல் பேசும் உரிமைக்குப் பெயர் அது. அஞ்சாமை மட்டுமல்ல, உரிமையோடு வாய்திறப்பது. 'சேர' என்பதும் சாதாரணச் சொல்லன்று. பலிசெலுத்த வரும் ஆசாரியனைக் குறிக்கக் கிரேக்கப் பழைய ஏற்பாடு ஆளும் வினை அது. ஆசாரியனுக்கு ஆண்ட அந்த வினை இப்போது விசுவாசி ஒவ்வொருவருக்கும் ஆகிவிட்டது.

நல்ல தமிழில் எப்படிச் சொல்வது? பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் யாத்திராகமத்தில் 'இரக்கத்தின் இருக்கை' என்றும், எபிரெயர் 4:16-இல் 'அருள் நிறைந்த இறை அரியணை' என்றும் பிரிக்கிறது. அப்படிப் பிரிப்பது மூலத்துக்கு நெருக்கம், ஆனால் இரண்டையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அரியணையில் உள்ள 'அரி'யும் சிங்கத்தைக் குறிக்கும் வடசொல்லின் திரிபுதான். இரண்டு இடத்துக்கும் பொருந்தும்படி 'அருளிருக்கை' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் பிரித்துக் காட்டினார். கிருபை என்று பவுல் சொல்வதும் உறவோ தகுதியோ பாராமல் வருவதைத்தான்.

'அண்டை' என்பதை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம். அது பழந்தமிழ், அண்டுதல் என்றால் கிட்டப்போதல், அடைக்கலம் தேடிப்போதல். அருளிருக்கை அண்டை வருகிறோம் என்று தாராளமாக ஜெபிக்கலாம்.