சங்கத்தின் பெயரைக் காப்பவர்களிடம் குழந்தையின் புகார் போகும்போது

விளையாட்டுத் துறையில் இருக்கும் சிறார்களுக்கு மனநல ஆலோசனை வழங்குவது என் பணி. பிள்ளைக்கு ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர் மிகக் குறைவு. ஆட்டத்தில் கவனம் போய்விட்டது, பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறான், எப்படியாவது பழையபடி ஆட வையுங்கள் என்றுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். காயம், படிப்புச் சுமை, தோல்வி பயம், வெறும் சலிப்பு என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எடுத்த எடுப்பில் பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகிப்பது முறையாகாது. ஆனால் பிள்ளைக்கு வெறுப்பு விளையாட்டின் மீதா, அங்கிருக்கும் குறிப்பிட்ட ஒருவர் மீதா என்பதை மட்டும் நான் ஒருபோதும் கேட்காமல் விடுவதில்லை.

குழந்தைகள் நேராகச் சொல்வதில்லை. முதலில் ஆழம் பார்க்கிறார்கள். “அம்மா, வேற சார்கிட்ட போகலாமா?” என்று ஒரு சிறுவன் கேட்கிறான். “அந்த சார் உனக்காக எவ்வளவு பாடுபடுறார், இப்படிப் பேசலாமா?” என்று தாய் பதில் சொல்கிறார். அதில் தாயின் தவறு ஏதுமில்லை; அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் பேசினார். ஆனால் தன் பேச்சு எடுபடாது என்று அந்தச் சிறுவன் அந்த ஒரு பதிலிலேயே முடிவுகட்டிவிடுகிறான். அதன்பின் பல மாதங்கள் வாய் திறப்பதில்லை. “ஏன், அங்கே என்ன பிடிக்கவில்லை?” என்று பதறாமல் கேட்டிருந்தால் அவன் இன்னும் ஓரிரு வார்த்தையாவது பேசியிருக்கக்கூடும்.

அந்தத் தாயின் நம்பிக்கையும் தானாக வந்ததன்று. தவறான நோக்கம் கொண்ட பயிற்சியாளர் குழந்தையை நெருங்குவதற்கு முன்பே வீட்டாரின் நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறார். கட்டணம் வாங்காமல் கூடுதல் பயிற்சி தருகிறார், தன் வண்டியிலேயே அழைத்துச் சென்று வீட்டில் கொண்டுவந்து விடுகிறார், காலணி வாங்கித் தருகிறார், மாநில அணியில் இடம் உறுதி என்கிறார். கைப்பேசியில் முதலில் பயிற்சி நேரம் பற்றிய செய்திகள்தான் வரும்; பிறகு உணவு, உடல் எடை, தூக்கம் பற்றி வரும்; பிறகு மற்ற வீரர்களைக் குறைசொல்லி, ‘என்னைப் புரிந்துகொண்டவன் நீ மட்டும்தான்’ என்று வரும்; கடைசியில் ‘இதை வீட்டில் சொல்லாதே’ என்று வந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் குற்றம் தெரியாது. வரிசையாக வைத்துப் படிக்கும்போதுதான் போக்கு விளங்கும்.

பெற்றோர் உடனிருந்தால் போதும் என்ற எண்ணமும் சரியன்று. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே, அவர்கள் பார்வையை மறைத்து நின்றுகொண்டு, சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் அத்துமீறினார். அவர் பணியாற்றிய மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1997இலேயே ஒரு சிறுமி பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தார். 2014இல் வந்த புகாரை விசாரித்த பல்கலைக்கழகம் நாசரைக் குற்றமற்றவர் என்று சொல்லி மீண்டும் நோயாளிகளைப் பார்க்க அனுமதித்தது. 2015 ஜூலையில் தகவல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கே போயும் உரிய நடவடிக்கை இல்லை என்று அந்நாட்டு நீதித்துறையின் கண்காணிப்பு அதிகாரி 2021இல் அறிக்கை அளித்தார். 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசிய பிறகு அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது. இவ்வளவு ஆண்டுகளிலும் குழந்தைகள் சொல்லாமல் இருந்துவிடவில்லை. சொன்னதைக் கேட்டவர்கள் அதை மேலே கொண்டுபோகவில்லை, அல்லது கொண்டுபோன இடத்தில் அது கிடப்பில் போடப்பட்டது.

சிறுவர்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கிய இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சியாளர் பேரி பெனலின் வழக்கு வேறொரு ஓட்டையைக் காட்டுகிறது. அவர் 1992இல் க்ரூ அலெக்ஸாண்ட்ரா சங்கத்தைவிட்டு நீங்கிய பிறகும் சிறுவர் அணிகளோடு தொடர்ந்து பழகிவந்தார். 1994இல் ஒரு சிறுவர் அணியை ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்றிருந்தபோது அங்கே கைதானார். 2016 நவம்பரில் பெனலால் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர் ஆண்டி உட்வர்ட் தன் பெயரை மறைக்காமல் பேசியதும் மேலும் பலர் முன்வந்தார்கள். 2021இல் வெளியான ஷெல்டன் அறிக்கை, குழந்தைப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவருவதில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1995 முதல் 2000 வரை காட்டிய தாமதத்தைக் கடுமையாகக் குறிப்பிட்டது. சந்தேகத்துக்குரிய ஒருவரை ராஜினாமா செய்யச் சொல்லிச் சத்தமில்லாமல் அனுப்பிவைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அப்படி அனுப்பும் சங்கம் தன் குழந்தைகளைக் காப்பதாக நினைத்து, அடுத்த ஊர்க் குழந்தைகளிடம் அவரை ஒப்படைக்கிறது. இதைப் பெருந்தன்மை என்று என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது.

காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கியிருக்கிறோம் என்று நிர்வாகிகள் சொல்வார்கள். வாங்கத்தான் வேண்டும், ஆனால் இதுவரை பிடிபடாதவரைப் பற்றி அந்தச் சான்று எதுவும் சொல்லாது. பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை வேறு. குழந்தையோடு ஒரு பெரியவர் மட்டும் தனித்திருக்க அனுமதி உண்டா? வெளியூர்ப் போட்டிகளில் யார் எந்த அறையில் தங்குகிறார்கள்? மசாஜ், காயப் பரிசோதனை ஆகியவற்றின்போது குழந்தை தானே விரும்பி அழைக்கும் ஒருவர் உடனிருப்பாரா? பயிற்சியாளர் அனுப்பும் செய்திகள் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் வருமா? எல்லாவற்றுக்கும் மேலாக, புகாரைக் கேட்பவர் அணித் தேர்வில் சம்பந்தப்படாதவரா? எந்தக் கையில் அணிப்பட்டியல் இருக்கிறதோ அந்தக் கையிலேயே புகாரையும் கொடுக்கச் சொன்னால் எந்தக் குழந்தையும் கொடுக்காது.

திட்டுவதும் பட்டினி போடுவதும் கண்டிப்பான பயிற்சியின் பகுதி என்று ஒப்புக்கொள்ளும் இடங்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி 2022இல் வெளியான வைட் அறிக்கை, தண்ணீரும் கழிப்பறையும் மறுக்கப்பட்ட, காயத்தோடு பயிற்சி செய்ய வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. தன் உடலின் வலியைச் சொல்வதே கோழைத்தனம் என்று பழக்கப்பட்ட பிள்ளை, அதே உடலை வேறொருவர் தவறாகத் தொடும்போது மட்டும் எப்படி வாய் திறக்கும்?

குழந்தை சொல்லிவிட்டால், முதலில் ‘நம்புகிறேன், இதில் உன் தப்பு எதுவும் இல்லை’ என்று சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. துருவித் துருவிக் கேள்வி கேட்பதும், ஒவ்வொரு உறவினரிடமும் திரும்பச் சொல்ல வைப்பதும் குழந்தையை வாட்டுவதோடு பின்னர் வழக்கையும் கெடுக்கும். பிள்ளை பயன்படுத்திய சொற்களையே தேதியோடு எழுதிவையுங்கள், கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள், பயிற்சியாளரிடம் நேரில் போய் நியாயம் கேட்காதீர்கள். அது ஆதாரத்தை அழிக்க அவருக்கு அவகாசம் தரும். காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ போங்கள். சங்கத்தின் உள்விசாரணை அதற்கு மாற்றாகாது. விசாரணை முடியும் வரை மைதானத்தைவிட்டு விலகியிருக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே; குழந்தை விரும்பினால் தன் அணியோடு தொடர்ந்து ஆடலாம் என்பதைச் சங்கத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.