புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் விமான சிமுலேட்டரை ஒருமுறை அளந்து பாருங்கள்

ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் கணினியை என் கடைக்கு எடுத்து வந்தார். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் துபாயிலிருந்து லண்டனுக்கு விமானம் ஓட்டிச் செல்வது அவருடைய வார இறுதிப் பொழுதுபோக்கு. கடலுக்கும் பாலைவனத்துக்கும் மேலே சீராக ஓடும் காட்சி, ஹீத்ரோவை நெருங்கி ஓடுதளம் கண்ணில் படும் நேரம் பார்த்துத் திக்கித் திக்கி நகர்கிறது என்பதால், பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கிப் பொருத்தியிருந்தார். அதன் பிறகும் தரையிறங்கும்போது நொடிக்கு 24 ஃபிரேம்தான், அதாவது 24 படங்கள்தான் திரையில் வந்தன. புதிய கார்டு பழுது என்ற முடிவோடுதான் அவர் வந்தார். சோதித்துப் பார்த்ததில் கார்டில் ஒரு குறையும் இல்லை. பாதி நேரம் அது வேலை வராமல் சும்மா காத்திருந்தது.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கணினிகளை அடுக்கியும் பழுது பார்த்தும் வருகிறேன். கணினியில் துப்பாக்கி விளையாட்டு ஆடுபவர்கள் கார்டை மாற்றினால் பெரும்பாலும் உடனே பலன் தெரிந்துவிடுகிறது. விமான சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை என்பதை வாங்குவதற்கு முன் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

திரையில் ஒரு ஃபிரேம் வர வேண்டுமானால் பிராசஸர் தன் பங்கை முடித்துக் கார்டிடம் கொடுக்க வேண்டும்; கார்டு அதை வரைய வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 33 மில்லி விநாடி. சிமுலேட்டரில் பிராசஸரின் பங்கு மிகப் பெரியது. இறக்கையின் மீது காற்று பாயும் கணக்கு, வானிலை, விமான நிலையத்தில் நிற்கும் மற்ற விமானங்கள், காக்பிட் திரைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரையுள்ள நிலப்பரப்பு ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். இவற்றில் பெரும்பகுதி 'மெயின் த்ரெட்' என்னும் ஒரே வரிசையில், பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் கோர்களில் ஒன்றின் மீது மட்டும் விழுகிறது. அந்த வரிசை முடிய 42 மில்லி விநாடி ஆகுமானால், கார்டு தன் வேலையைப் 12 மில்லி விநாடியில் முடித்தாலும் 24 ஃபிரேமுக்கு மேல் வராது. அந்தப் பொறியாளரின் கணினியில் நடந்தது இதுதான்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பிராசஸர் முப்பது சதவீதம்கூட ஓடவில்லையே' என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்தப் பொறியாளரின் ஐ5-8400 பிராசஸர் ஆறு கோர் கொண்டது. அதில் ஒரு கோர் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 17 சதவீதமாகத்தான் தெரியும். ஆகவே பார்க்க வேண்டியது அந்த எண் அல்ல.

ஃப்ளைட் சிமுலேட்டரின் பொது விருப்பங்களில் டெவலப்பர் மோடை இயக்கி, ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் பெட்டியைத் திறந்தால், 'லிமிடெட் பை மெயின் த்ரெட்' என்றோ 'லிமிடெட் பை ஜிபியு' (கார்டுதான் தடை) என்றோ அதுவே எழுதிக் காட்டும். எக்ஸ்-பிளேன் என்னும் மற்றொரு சிமுலேட்டரில் டேட்டா அவுட்புட் பகுதியில் பிராசஸர் நேரமும் கார்டு நேரமும் தனித்தனியே கிடைக்கின்றன. எந்தச் சிமுலேட்டருக்கும் பொருந்தும் எளிய சோதனை ஒன்றும் உண்டு. உங்களுக்குச் சிக்கல் தரும் அதே விமான நிலையத்தில், அதே விமானத்தில் அமர்ந்து, காட்சியை எத்தனை புள்ளிகளில் வரைவது என்பதைக் குறிக்கும் ரெண்டர் ஸ்கேலிங்கை 100-இலிருந்து 50-க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் கால் பங்காகக் குறைந்துவிடும். ஃபிரேம் எண்ணிக்கை தாவி ஏறினால் கார்டுதான் தடை. புதிய கார்டுக்குச் செலவிடலாம். ஏறவே இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

பொறியாளரின் கணினியில் ஏறவில்லை. திறந்து பார்த்தபோது 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாகப் போடப்பட்டிருந்தது. ஒரே குச்சி என்றால் நினைவகத்துக்கும் பிராசஸருக்கும் இடையே இரண்டு பாதைக்குப் பதில் ஒரு பாதைதான் திறந்திருக்கும். 'பின்னால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்' என்று ஒற்றைக் குச்சியாக விற்பதும், அந்தப் 'பின்னால்' வராமலே போவதும் நம் ஊரில் வழக்கம். அதே அளவில் இன்னொரு குச்சி சேர்த்தேன். டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல் (நிலப்பரப்பு விவர அளவு) 200-இல் இருந்ததை 100-க்கு இறக்கினேன். விமான நிலையப் போக்குவரத்தைப் பாதியாக்கினேன். காக்பிட் திரைகளின் ரிஃப்ரெஷ் ரேட்டை மீடியத்துக்குக் கொண்டுவந்தேன். ஹீத்ரோவில் 30-க்குக் கீழே இறங்காமல் தரையிறங்க அதுவே போதுமானதாக இருந்தது. கார்டுக்குச் செலவிட்ட தொகையில் சிறு பங்குதான் ரேமுக்கு ஆனது. இதை அவரிடம் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

பிராசஸரே தடை என்று தெரிந்து அதை மாற்ற விரும்புபவர்கள், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகத்தையும் பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையும் பார்ப்பது நல்லது. 2022 ஏப்ரலில் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸர், 96 எம்பி எல்3 கேஷுடன் சிமுலேட்டர்க்காரர்களிடையே பெயர் வாங்கியது அதனால்தான். அது பொருந்தும் ஏஎம்4 வகை மதர்போர்டு வைத்திருப்பவர்கள், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு அந்த வகையைப் பொருத்திக்கொள்ளலாம்; போர்டை மாற்ற வேண்டியதில்லை.

கார்டுதான் தடை என்று சோதனையில் தெரிந்தவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது விரேம் எனப்படும் கார்டின் சொந்த நினைவகம். ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்கு வெளியிடப்பட்ட கணினித் தேவைப் பட்டியலில் பரிந்துரை அளவு 8 ஜிபி. சிறந்த அளவு 12 ஜிபி. விலைக்கு வாங்கிச் சேர்க்கும் விமானங்களும் விமான நிலையங்களும் உயர்தர டெக்ஸ்சர்களை (மேற்பரப்புப் படங்களை) கொண்டு வருவதால், 8 ஜிபி விரைவில் நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் மீதித் தரவு கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்டு, ஒவ்வொரு முறையும் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகத் திரும்பி வர வேண்டியிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காட்சி ஒரு திருப்பத்தில் திடீரென ஒற்றை இலக்க ஃபிரேமுக்கு விழுவதற்குப் பல நேரம் இதுவே காரணம். ஆர்டிஎக்ஸ் 4060 எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் அந்தப் பாதை மேலும் குறுகிவிடுவதால், விரேம் நிரம்பும்போது அடி பலமாக விழும். சிமுலேட்டருக்கென்றே வாங்குபவர் கேட்டால், சற்று வேகம் குறைந்த 12 ஜிபி கார்டைத்தான் நான் முதலில் காட்டுவேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் இத்தொழிலில் உண்டு.

அடுத்தது கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். நான் கண்ட ஆபத்தான தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியுள்ள பட்டியலில் 12 வோல்ட் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்க 192 வாட். கார்டும் பிராசஸரும் பங்கிட்டுக்கொள்ளக் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் கேட்கும். ஆர்டிஎக்ஸ் 4070 கேட்பது 200 வாட். இப்படிப்பட்ட கணினி டெஸ்க்டாப்பில் மணிக்கணக்காக அமைதியாக இருந்துவிட்டு, சிமுலேட்டரில் பறத்தல் தொடங்கும் நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். கார்டுக்கு மின்சாரம் தரும் எட்டு முனை இணைப்பு இல்லை என்பதற்காகப் பழைய மோலெக்ஸ் வயரில் அடாப்டர் போட்டு ஒப்பேற்றுபவர்கள், உருகிக் கருகிய இணைப்புகளோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அடாப்டர் போட்டால்தான் வேலை செய்யும் என்ற நிலை வந்தால், கார்டு வாங்கும் தொகையிலேயே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். 3060-க்கு 550 வாட், 4070-க்கு 650 வாட் என்பது அந்தக் கார்டுகளின் நிறுவனமான என்விடியாவின் பரிந்துரை.

யுபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பலவும் தாங்குவது 360 வாட் அளவுதான். மானிட்டரும் அதிலேயே செருகப்பட்டிருந்தால், மின்சாரம் போகும் அதே நொடியில் முழுச் சுமையோடு ஓடும் கணினியும் அணைந்துவிடும். எட்டு மணி நேரப் பறத்தலின் ஏழாவது மணியில் இது நடந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஒரு சொல். எதீரியம் என்னும் கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையை 2022 செப்டம்பரில் கைவிட்டதும், இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவை அனைத்தும் கெட்டவை அல்ல. விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் நன்றாக உழைப்பவையும் அவற்றில் உண்டு. ஆனால் கண்ணெதிரே அரை மணி நேரம் சுமையேற்றி ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். கார்டின் பயாஸைத் திருத்திப் பெயர் மாற்றி விற்கப்படும் போலிக் கார்டுகளைப் பெரும்பாலும் ஜிபியு-இசட் மென்பொருள் 'ஃபேக்' என்றே குறித்துக் காட்டிவிடும்.

கார்டைப் பொருத்திய பிறகு மானிட்டர் கேபிளைப் புதிய கார்டில் செருகுங்கள். சிரிக்க வேண்டாம், மதர்போர்டில் செருகிவிட்டு வேகம் இல்லை என்று வருபவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். கார்டின் நிறுவனம் மாறியிருந்தால் பழைய டிரைவரை டிடியு என்னும் டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் முழுதாக நீக்குங்கள். ரேமை அதன் குறிப்பிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி இயக்கத்தில் இருக்கிறதா என்று பயாஸில் பாருங்கள்.

செட்டிங்ஸைப் பொறுத்தவரை எது யாருக்குச் சுமை என்பது தெரிந்தால் போதும். மேகங்கள், நிழல்கள், பிரதிபலிப்புகள், திரையின் ரெசல்யூஷன் ஆகியவை கார்டுக்குச் சுமை. 4கே திரையில் 1080பி திரையைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் இருப்பதை மறந்துவிட்டு, மானிட்டரை மாற்றிய கையோடு கார்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. வால்யூமெட்ரிக் மேகங்களை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் கண்ணுக்கு அவ்வளவாக வேறுபாடு தெரியாது. கார்டுக்கு நன்றாகத் தெரியும். நிலப்பரப்பு விவர அளவு, போக்குவரத்து, காக்பிட் திரைகள் ஆகியவை பிராசஸருக்குச் சுமை. நிலப்பரப்பு அளவு தூரத்தைக் குறிப்பது என்பதால், அதை இரட்டித்தால் கணக்கிட வேண்டிய பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். தரை மங்கலாகத் தெரிவது பெரும்பாலும் இவ்விரண்டின் குற்றமும் அல்ல; நிலப்படங்கள் இணையத்திலிருந்து வருவதால் அது இணைய வேகத்தின் சிக்கலாக இருக்கக்கூடும்.

ஃப்ளைட் சிமுலேட்டரில் 2022-இல் சேர்க்கப்பட்ட டிஎல்எஸ்எஸ், காட்சியைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவதால் கார்டின் சுமையைக் குறைக்கும். பிராசஸர் தடையாக இருக்கும் இடத்தில் அதனால் பயனில்லை. காக்பிட் திரையில் மாறிக்கொண்டிருக்கும் எண்கள் அதில் சற்றுக் கலங்கித் தெரியும். கருவிகளைப் பார்த்தே பறப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஃபிரேம் ஜெனரேஷன் பிராசஸர் தடையையும் தாண்டி ஃபிரேம்களை இட்டு நிரப்பிக் காட்சியைச் சீராக்கும் என்றாலும், ஜாய்ஸ்டிக்கை அசைத்தபின் விமானம் அசைய ஆகும் நேரம் அதனால் குறையாது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வி-சிங்கோடு 30-இல் நிறுத்திவைப்பதையே நான் செய்து தருகிறேன். 28-க்கும் 55-க்கும் இடையே ஏறி இறங்கும் காட்சியைவிட 30-இல் நிலைத்து நிற்பது கண்ணுக்கு இதமானது.

இவற்றையெல்லாம் மாற்றிப் பார்க்கையில் ஒரே வானிலையில், ஒரே ஓடுதளத்தை நோக்கிய, சேமித்து வைத்த ஒரு பறத்தலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். ஒரு முறைக்கு ஒரு செட்டிங் மட்டும் மாற்றி, எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு வந்தபின் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவதும் நல்லது. 2021 ஜூலையில் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு வந்த ஐந்தாவது சிம் அப்டேட் பிராசஸர் சுமையையும் நினைவகச் சுமையையும் பெரிதும் குறைத்தது. அதற்கு முந்தைய மாதம் பிராசஸரைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று நானே சொல்லி அனுப்பிய ஒருவர், மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்.