நியூயார்க் போக எட்டு மணி, லண்டன் திரும்ப ஏழு மணி

"பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. லண்டனிலிருந்து மேற்கே பறக்கும் விமானத்தை எதிர்கொண்டு நியூயார்க்கே வருகிறதே, அந்தப் பயணம்தானே சீக்கிரம் முடிய வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். கால அட்டவணை சொல்வது நேர்மாறு: போக ஏறத்தாழ எட்டு மணி நேரம், திரும்ப ஏழு.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்தால் சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 10 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் இரு பக்கமும் இதுதான் கணக்கு. பூமியோடு வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்வதால், நியூயார்க் நம்மை நோக்கி வருவதில்லை.

ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு நல்ல பொறி இருக்கிறது. சுழற்சிதான் காரணம், அது காற்றின் வழியாக வேலை செய்கிறது.

வெப்பமண்டலக் காற்று சூடாகி உப்பியிருக்கும்; துருவக் காற்று குளிர்ந்து சுருங்கியிருக்கும். அதனால் 10 கி.மீ. உயரத்தில் தெற்கே அழுத்தம் அதிகம், வடக்கே குறைவு. காற்று வடக்கே சரியத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. 60 பாகை அட்சத்தில் அதில் பாதிதான். தெற்கிலிருந்து வரும் காற்று தன் கூடுதல் கிழக்கு வேகத்தை விடாமல் சுமந்து வருவதால் வலப்பக்கம் திரும்புகிறது. அழுத்தம் வடக்கே இழுக்க, சுழற்சி தெற்கே திருப்ப, இரண்டும் சமமாகும்போது காற்று துருவத்துக்குப் போகாமல் நேர் கிழக்கே ஓடுகிறது. அதுதான் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் துருவம் மேலும் குளிர்வதால் அது இன்னும் வலுக்கும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. இறக்கைக்குத் தெரிவது தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டுத் தான் நகரும் வேகம் மட்டுமே.

போகையில் இழந்ததை வருகையில் மீட்டுவிடலாமே என்றால், முடியாது. காற்று 150 கி.மீ. வேகத்தில் வீசினால் கிழக்கே 5 மணி 17 நிமிடம், மேற்கே 7 மணி 24 நிமிடம். கூட்டினால், காற்றில்லாத நாளைவிட 21 நிமிடம் அதிகம். எதிர்காற்றில் கழியும் நேரமே நீளமானது என்பதால் இந்த நட்டம். ஆகவே மேற்கே போகும் விமானங்கள் ஜெட்டை விட்டு விலகிச் சுற்றிப் போகும். கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும். அட்லாண்டிக் மேலான தடங்களை அன்றன்றைய காற்றைப் பார்த்துத் தினமும் இரண்டு முறை புதிதாக வரைகிறார்கள்.

இந்தக் காற்றை 1920-களிலேயே ஜப்பானின் டடேனோவில் பலூன் விட்டு அளந்தவர் வானிலை ஆய்வாளர் வசபுரோ ஓயிஷி. உலகமே படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியில் வெளியிட்டார். ஏறக்குறைய யாரும் படிக்கவில்லை. 1944-இல் டோக்கியோ மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகள் அதே காற்றில் திணறினார்கள். உலகெங்கும் இன்றும் வானிலை நிலையங்கள் நாளுக்கு இருமுறை பலூன் விடுகின்றன. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் அந்தப் பலூன்களில் கைவைப்பது பெரும் தவறு. விமானத்தில் எவ்வளவு எரிபொருள் நிரப்புவது என்பதே அந்த அளவீடுகளிலிருந்து பிறக்கும் காற்றுக் கணிப்பைப் பொறுத்தது.