டெங்கு: காய்ச்சல் விட்டதும் இதயத்தைக் கவனியுங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் டெங்கு நோயாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது, சிறுநீர் சரியாகப் போகிறாரா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு முதலில் தெரியவேண்டியது அவைதான்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். உள்ளே ரத்தத்தின் அளவு குறைவதை இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். சிலருக்கு அந்த நேரம் பார்த்து இதயத்தசையிலேயே அழற்சி வந்துவிடுகிறது. இதைத்தான் மயோகார்டைட்டிஸ் என்கிறோம்.

"பிரஷர் நார்மல்தான், 100/85" என்று சொல்லி ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி வெறும் 15. அது 20 அல்லது அதற்குக் கீழே போனாலே அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேல் எண்ணை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

இன்னொரு பக்கம், காய்ச்சல் விட்டு இரண்டு நாளான கல்லூரி மாணவர் ஒருவர், மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது என்று வந்தார். நாடித்துடிப்பு 44. ஈசிஜி எடுத்தோம், எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தோம்; இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்தது. சில நாளில் துடிப்பு தானாகவே சரியானது. டெங்கு தேறும் கட்டத்தில் துடிப்பு குறைவது சகஜம், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டால் ஈசிஜி எடுக்காமல் விடக்கூடாது. தேவைப்பட்டால், இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் செய்வோம்.

ட்ரிப்ஸ் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. "உடம்பு அசதியா இருக்கு, இன்னும் ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று கெஞ்சுவார்கள். கசிவு நின்றதும் வெளியே போன நீர் 48 முதல் 72 மணி நேரத்தில் ரத்தக்குழாய்க்குள் திரும்பி வந்துவிடும். அப்போதும் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஏற்கெனவே பலவீனமான இதயம் என்றால் சொல்லவே வேண்டாம். நோயாளி மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவார். நேற்று உயிரைக் காப்பாற்றிய அதே திரவத்தை இன்று நிறுத்தியாக வேண்டும் என்பதை வீட்டாருக்குப் புரியவைப்பது எளிதல்ல. அதனால்தான் குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று குறித்து வைக்கச் சொல்கிறோம்.

சிக்குன்குனியாவும் மூட்டோடு நிற்பதில்லை. 2005-06இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அது பரவியபோது இதயத்தசை அழற்சியும் இதயச் செயலிழப்பும் பதிவாயின. முதியவர்களும் ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்; ரத்தக்கசிவு வரலாம். அப்புறம், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுவார்கள். டெங்கு என்றதும் பயந்துபோய் அவற்றை நீங்களாக நிறுத்திவிடக்கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். கேட்காமல் தொடரவும் கூடாது. காய்ச்சல் வந்த அன்றே உங்கள் இதய மருத்துவரைக் கூப்பிட்டு, ஸ்டென்ட் எப்போது வைத்தது என்று சொல்லிக் கேளுங்கள்.