ஹோம் ஸ்கூலிங்: டி.சி. வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்க நினைக்கும் பெற்றோர் என் வழக்கறிஞர் அலுவலகத்தில் முதலில் கேட்பது, "எங்கள்மேல் வழக்குப் போடுவார்களா, மேடம்?" என்பதுதான். கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்கு அபராதமோ சிறையோ விதிக்கவில்லை என்று சொல்வேன். உடனே முகம் தெளிந்துவிடும். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு டி.சி. வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள், என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 10ஆவது பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. கடமையை மீறினால் என்ன என்பதற்குப் பதில் இல்லை. வீட்டுக் கல்வியைப் பதிவு செய்ய ஓர் அலுவலகமோ, அனுமதிக் கடிதமோ கிடையாது. கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மட்டும் 2012 திருத்தம் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை வெளிப்படையாகத் தந்திருக்கிறது. மற்றவர்கள் நிற்பது சட்டம் வாய் திறக்காத இடத்தில். அங்கே உங்களைக் காப்பது கையிலிருக்கும் காகிதங்கள்தான்.

பெயரை நீக்கியதும் பிள்ளை, மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் அரசின் எமிஸ் தளத்தில் எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவராகிவிடும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு வரும்போது கல்வித் துறையின் ஆசிரியர் பயிற்றுநர் வீடு தேடி வருவார். குழந்தைத் தொழிலாளர்களையும் குழந்தைத் திருமணங்களையும் கண்டுபிடித்துக் கொடுப்பது இதே கணக்கெடுப்புதான். அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் "உங்களுக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்?" என்று கதவைச் சாத்தினார், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இன்னொரு தாய் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, மகளின் கணக்கு நோட்டு, தேதி போட்ட பாடக் குறிப்பேடு, நூலக அட்டை எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். வந்தவர் சிறுமியிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

பிள்ளை எந்தத் தேர்வை எழுதப்போகிறது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதக் குறைந்தபட்ச வயது 14. தேர்ச்சிக்கு ஐந்து பாடம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. மாநிலப் பாடத்திட்டமே போதும் என்றால், பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்பில் பலர் சறுக்குவது அறிவியலில். தனித்தேர்வர் முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் செய்முறைப் பயிற்சிக்குப் போக வேண்டும்; அதைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். பிறகு தமிழக அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் மாநிலச் சான்றிதழுக்கு இணையாக ஏற்கப்படுமா என்பது பற்றிய நடப்பு அரசாணையைப் படித்துவிட்டே கட்டணம் கட்டுங்கள்.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆசிரியர் வைத்து, மாதாமாதம் பணம் வசூலிப்பதும் பெருகிவருகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று கருதப்பட்டால், நடத்துபவருக்கு 18ஆவது பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. இதில் தண்டனை உண்டு. வாரம் ஒருநாள் பிள்ளைகள் கூடி விளையாடுவதும் படிப்பதும் வேறு விஷயம்.

மனம் மாறினால் திரும்பலாம். 4ஆவது பிரிவின்படி, 14 வயதுக்குள் வரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் டி.சி.யையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகாத வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தால், "படிப்பைக் கெடுத்துவிட்டார்" என்ற வரி மனுவில் தவறாமல் இடம்பெறும். நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை மட்டுமே. இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இல்லாமல், வழக்கு நிலுவையில் இருக்கும்போது, பிள்ளையின் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்காதீர்கள்.