“நீ எங்க நிக்க?”

போன மாதம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பைக் நம்பர் பிளேட் மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பையன், இருபது வயது இருக்கும். மைக்கில் மாட்டுகிற சதுரப் பெட்டிக்கு நான்கு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். சேனல் பெயர், ஒரு பூமிப்பந்து, சிவப்பு எழுத்தில் ‘நியூஸ்’. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

“எதுல தம்பி ஒளிபரப்பு?” என்றேன்.

“போன்லதான் அண்ணாச்சி.”

தப்பில்லை. நாங்களும் இதைவிடச் சின்னதாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் அந்தப் பெட்டியை நீட்டினால் பஞ்சாயத்துத் தலைவரிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரை எழுந்து நிற்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் உள்ளூர் கேபிள் டிவியின் செய்திப் பிரிவில் இருந்தவன் நான். அந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்று தோன்றியது.

எங்கள் பக்கத்துக்கு வானொலி சீக்கிரமே வந்துவிட்டது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-லேயே உண்டு. டிவிதான் பிந்தியது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் தொடங்கினாலும் அந்த அலை தாமிரபரணி வரைக்கும் எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி வந்தபோது, வசதியுள்ளவர்கள் மொட்டைமாடியில் பனைமர உயரத்துக்கு ஆன்டெனா நட்டுக் கடல் தாண்டி வந்த படத்தைப் பார்த்தார்கள். காற்றடித்தால் படம் போய்விடும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழே இருந்து “இப்ப வருது, இப்ப போச்சு” என்று இன்னொருவர் கத்துவார். அப்புறம் டிஷ், கேபிள், 1993 சித்திரை முதல் நாளில் சன் டிவி. தென்னைக்குத் தென்னை வயர் இழுத்துத் தெருவுக்கு ஒரு ஆபரேட்டர் முளைத்த காலம் அது.

உள்ளூர் சேனல் என்பதை யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. ஆபரேட்டரிடம் ஒரு வீடியோ டெக் இருக்கும், படத்தைக் கேபிளில் ஏற்றுகிற மாடுலேட்டர் ஒன்று இருக்கும், காலியாக ஒரு அலைவரிசை இருக்கும். அதில் புதுப் பாட்டு போட்டார்கள். பிறகு அம்மன் கோயில் கொடை, விடிய விடிய வில்லுப்பாட்டு, ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் அப்படித்தான் உள்ளே வந்தோம். அதற்குப் பிறகு திரையின் அடியில் எழுத்து ஓடத் தொடங்கியது. நாளை எந்தெந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, அணையில் எத்தனை அடி தண்ணீர், யார் காலமானார், அடக்கம் எத்தனை மணிக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், எந்த அரசியல் செய்தியையும்விட அந்தக் ‘காலமானார்’ வரிக்குத்தான் எங்களுக்கு அதிகப் பார்வையாளர்கள். அதில் ஒரு இனிஷியல் மாறினால் போன் எரிந்துவிடும்.

ராத்திரி ஏழரைக்கு அரை மணி நேரச் செய்தி. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ எடுத்த கேசட்டை அங்குள்ள வீடியோகிராபர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். ஜங்ஷனில் எங்கள் பையன் பஸ் நம்பரைப் பார்த்து நின்று வாங்கிக்கொள்வான். இரண்டு டெக்கைப் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டுவதுதான் எடிட்டிங். பஸ் பஞ்சரானால் அன்றைக்கு அம்பைச் செய்தி கிடையாது. பார்க்கிறவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தத் தாமதத்தில் ஒரு நன்மை இருந்தது. கேசட்டோடு ஒரு துண்டுச் சீட்டு வரும். எந்த இடம், எத்தனை மணி, படத்தில் பேசுகிறவர் யார் என்று எழுதியிருக்கும். செல்போன் வந்த பிறகு சீட்டு நின்றுபோனது. படம் மட்டும் வந்தது.

அதன் பலனை நாங்களே அனுபவித்தோம். ஒரு ஐப்பசி மாதம், மலையில் நல்ல மழை. ராத்திரி எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. கொக்கிரகுளம் பாலத்தின் வளைவுகளை முட்டிக்கொண்டு வெள்ளம் போகிறது. அனுப்பியவர் தெரிந்தவர்தான். ஒன்பது மணிச் செய்தியில் முதலில் போட்டோம். பத்து நிமிஷத்தில் கைலாசபுரத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். “வே, நான் எங்க வீட்டு மாடியில நின்னு ஆத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். பாறை தெரியுது. நீரு போட்ட படத்துல பக்கத்துப் பாலம் எங்கவே போச்சு?”

அப்போதுதான் உறைத்தது. கொக்கிரகுளத்தில் 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தை ஒட்டி இப்போது புதுப் பாலம் ஒன்று இருக்கிறது. வீடியோவில் பழைய பாலம் மட்டும்தான். என்றோ எடுத்ததை யாரோ அனுப்ப, அவர் எங்களுக்கு அனுப்ப, நாங்கள் ஊருக்கே காட்டிவிட்டோம். அடுத்த செய்தியில் வருத்தம் தெரிவித்தோம். ஆனால் முதல் செய்தியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனவர்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது.

அன்றிலிருந்து எங்கள் செய்தி அறையில் ஒரே கேள்விதான் முதல் கேள்வி: “நீ எங்க நிக்க?” வீடியோ அனுப்பியவர் அந்த இடத்தில் நிற்கிறாரா, அல்லது யாரோ அனுப்பியதை அனுப்புகிறாரா? நிற்கிறார் என்றால் வீடியோ காலில் வரச் சொல்வோம், கேமராவை இடப்பக்கம் திருப்பச் சொல்வோம். ஒரு கடைப் பலகை, ஒரு பஸ் ஸ்டாப், ஏதாவது தெரிய வேண்டும். தயங்கினால் அந்தப் படம் வேண்டாம். குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூடும் படம் வருஷா வருஷம் வருகிறது. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில், மூழ்குவது அதற்குப் புதிதில்லை. எந்த வருஷத்துப் படம் என்பதுதான் விஷயம்.

2023 டிசம்பர் 17, 18-ல் இந்தக் கேள்விக்கு உண்மையான சோதனை வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் ஆறு. எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஜெனரேட்டர் ஓடியது, செய்தியும் ஓடியது. ஆனால் வீடுகளில் கரண்ட் இல்லை, கேபிள் அறுந்து கிடந்தது. யார் பார்ப்பது? வெள்ளத்தில் முதலில் சாவது உள்ளூர் டிவிதான். இதை நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள் எங்களைவிட நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த ராத்திரி போனில் வந்தது பாதி வதந்தி. ‘அணை உடைந்துவிட்டது, மேட்டுக்கு ஓடுங்கள்’ என்று அழுதபடி ஒரு பெண்குரல் எனக்கு மட்டும் நாலு பேரிடமிருந்து வந்தது. ஊர் கிடையாது, நேரம் கிடையாது, எந்த அணை என்றும் கிடையாது. இதற்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த மூன்று எண்ணையும் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘பாபநாசம் 160 அடியைத் தாண்டியது’ என்று செய்தி வந்தால் அனுப்பியவருக்கு அணையே தெரியாது என்று அர்த்தம். கன அடிக் கணக்கிலும் இதே குழப்பம்தான். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். ‘வினாடிக்கு’ என்பதை விட்டுவிட்டு ஆயிரம், பத்தாயிரம் என்று சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அணை திறப்பது மட்டும்தான் வெள்ளம் என்றும் நினைக்க வேண்டாம். அணைக்குக் கீழே பெய்கிற மழைக்கு மதகு கிடையாது. கடனாறும் சிற்றாறும் இந்த மூன்று அணைகளுக்கும் கீழேதான் தாமிரபரணியில் சேர்கின்றன. 2023-ல் அடித்த அடியில் கீழே பெய்த மழைக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, சட்டத்துக்கு வருவோம், சுருக்கமாக. கேபிள் டிவிக்கு 1995-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2022 நவம்பரில் மத்திய அரசு உள்ளூர் சேனல்களுக்கென்றே வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. சேனலுக்கு 1,000 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் அது கம்பெனியாகப் பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும். ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ (கேபிள்காரர்களே நடத்தும் சேனல்) என்று திரையில் காட்ட வேண்டும். போட்ட நிகழ்ச்சியின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். உங்களைப் பற்றித் தவறான செய்தி வந்தால் இந்தக் கடைசி விதி உங்களுக்கு உதவும். சேனலுக்கு உடனே எழுத்தில் கொடுங்கள், நகலை ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுங்கள். சட்டப்படி நடவடிக்கை எடுக்க அதிகாரம் பெற்றவர்களில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர். ஆறு மாதம் கழித்துப் போனால் காட்டுவதற்குப் படம் இருக்காது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவு சொல்கிறது. பெயர், படம் மட்டுமல்ல; குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சென்னைச் சேனல் ‘நெல்லை அருகே ஒரு கிராமம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எங்களால் முடியாது. தெருமுனைக் கோயிலைக் காட்டினால் போதும், ‘அப்பா லாரி ஓட்டுகிறார்’ என்றால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். முகத்தை மறைத்துவிட்டு யூனிஃபார்மைக் காட்டிய தவறை எங்கள் எடிட்டிங் டேபிளிலேயே ஒருமுறை கடைசி நிமிஷத்தில் பிடித்தோம். இன்று போனில் நேரலை போடுகிறவர்களுக்கு அந்தக் கடைசி நிமிஷம் இல்லை.

சாதி மோதலிலும் இதேதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டிய பிறகு, பள்ளிக்கூடத்தில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறம் பற்றி நாடே பேசியது. எங்களுக்கு அது செய்தியல்ல, தினமும் பார்ப்பது. நாங்கள் சாதிப் பெயரைச் சொல்லாவிட்டாலும் எந்தத் தெருவில் கேமரா வைத்தோம் என்பதை வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்கள். ‘நீ எங்க நிக்க’ என்ற கேள்வியை அப்போது எங்களை நோக்கி ஊர் கேட்கும். அதனால் சில நாள் படமே இல்லாமல் வாசிப்பாளர் முகத்தை மட்டும் காட்டி வாசித்திருக்கிறோம். பார்க்கச் சுவாரசியமாக இருக்காதுதான்.

மைக் பெட்டியோடு யாராவது கடைக்கு வந்து, ‘உங்களைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, செய்தி போடாமல் இருக்க...’ என்று இழுத்தால், அவரைப் பேச விடுங்கள். எந்தச் சேனல், ஆசிரியர் யார், ஆபீஸ் எங்கே என்று கேளுங்கள். அந்த ஆபீஸ் நம்பரை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள், அவர் கொடுக்கும் நம்பருக்கு அல்ல. பணம் கேட்டால் போலீஸுக்குப் போங்கள். விளம்பரத்துக்குப் பணம் வாங்குவோம், ரசீது கொடுப்போம். அதில்தான் எங்களுக்குச் சம்பளம். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் விளம்பரம் தருவதால் அவர்களைப் பற்றிய சில செய்திகளில் எங்கள் குரல் சுருதி இறங்கியதுண்டு. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சமீபத்தில் பழைய வீடியோகிராபர் ஒருவரின் வீட்டுப் பரணில் இருந்து ஒரு பை கேசட் இறங்கியது. பாதிக்கு மேல் பூஞ்சை. மினி டி.வி. (MiniDV) கேசட் காலத்தில் காசை மிச்சம் பிடிக்க ஒரே டேப்பில் மேலே மேலே எடுத்ததால் எங்களிடம் பத்து வருஷத்துச் செய்தியே அழிந்துபோயிற்று. அதனால் அந்தப் பையைப் பார்த்ததும் ஆசை வந்தது. பூஞ்சை பிடித்ததை டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், டெக்கும் கெடும், டேப்பும் கெடும். சுத்தம் செய்து மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் தேறியது. லேபிளில் பால்பாயிண்ட் பேனாவில் ‘வெள்ளம்’ என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். 1992 நவம்பர் வெள்ளமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் இல்லை என்கிறார். முக்கால் மணி நேரமும் தண்ணீர், வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள், தூரத்தில் ஒரு கோபுரம். எங்கே நின்று எடுத்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. கைலாசபுரத்துப் பெரியவரிடம் அடுத்த வாரம் போட்டுக் காட்டப் போகிறோம்.