இல்மாட்டிக்ல கேக்குற அந்த புழுதி சத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?

அமெரிக்க ராப்பர் நாஸோட இல்மாட்டிக் ஆல்பத்துல நாலாவது பாட்ட ஒரு நல்ல ஹெட்போன்ல போடுங்க. ராப்ப கொஞ்ச நேரம் மறந்துட்டு பின்னாடி சுத்திக்கிட்டே இருக்குற பியானோவ மட்டும் கவனிங்க. அது அஹ்மத் ஜமால்ங்கிற ஜாஸ் கலைஞர் 1970ல வெளியிட்ட ஒரு ஆல்பத்துலேர்ந்து எடுத்தது. ஒரிஜினலையும் தேடி கேட்டு பாருங்க, அதுல பியானோ கண்ணாடி டம்ளர்ல ஸ்பூன் பட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கும், நாஸ் பாட்டுல அதே பியானோ மேல லேசா மண் படிஞ்ச மாதிரி, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா வர்ற மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்துக்கு பின்னாடி இருக்குற கணக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அதத்தான் இங்க சொல்லப்போறேன்.

ஆல்பம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம். 1994 ஏப்ரல் 19 கொலம்பியா ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது, அப்ப நாஸுக்கு வயசு 20, நியூயார்க்ல குயின்ஸ்பிரிட்ஜ்ங்கிற பெரிய அரசு குடியிருப்புல வளந்தவர், இது அவரோட முதல் ஆல்பம். மொத்தம் 10 ட்ராக், 40 நிமிஷம் வரும். ஹிப்ஹாப்புக்குன்னே இருந்த தி சோர்ஸ் பத்திரிகை அஞ்சுக்கு அஞ்சு மைக் குடுத்துச்சு, அது அவங்க சாதாரணமா குடுக்குற மார்க் இல்ல. ஆனா கடையில அந்த வேகத்துக்கு போகல, அமெரிக்க ஆல்பம் வரிசையான பில்போர்ட் 200ல 12வது இடத்தோட நின்னுடுச்சு, அமெரிக்காவுல பிளாட்டினம், அதாவது 10 லட்சம் காப்பிக்கான சான்றிதழ், கிடைச்சது 2001லதான். 2021ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தேசிய ஒலிப்பதிவு பட்டியல்ல சேத்துக்கிட்டாங்க.

பாராட்டினவங்க எல்லாரும் நாஸோட வரிகள பத்திதான் பேசினாங்க, அதுல தப்பே இல்ல. கூடவே இன்னொண்ணும் திரும்ப திரும்ப சொல்றாங்க, ஆல்பம் முழுக்க ஒரே தெருவுல நடந்து போற மாதிரி இருக்குன்னு. அங்கதான் எனக்கு ஆச்சரியம், ஏன்னா இசை அமைச்சது ஒரு ஆள் இல்ல. டிஜே பிரீமியர், லார்ஜ் ப்ரொபசர், பீட் ராக், க்யூ-டிப், எல்இஎஸ்னு அஞ்சு தயாரிப்பாளர்கள், ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்டைல். அப்புறம் எப்படி எல்லாம் ஒரே காத்த சுவாசிக்கிற மாதிரி இருக்கு? ரசனை ஒரு காரணம்தான், ஆனா பாதி பதில் அவங்க கையில இருந்த மெஷின்ல இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

சாம்ப்ளர்னா ஒரு சத்தத்த துண்டா வெட்டி நினைவுல வச்சுக்கிட்டு, பட்டன தட்டுனா திருப்பி வாசிக்கிற கருவி. பீட் ராக், லார்ஜ் ப்ரொபசர் ரெண்டு பேருக்கும் பேர் வாங்கி குடுத்த மெஷின் எஸ்பி-1200, ஈ-மு கம்பெனி 1987ல கொண்டு வந்தது. சத்தம்னா காத்து அழுத்தத்தோட ஏத்த இறக்கம்தானே, அத இந்த மெஷின் ஒரு செகண்டுக்கு 26,040 தடவ அளந்து ஒவ்வொரு அளவையும் ஒரு நம்பரா எழுதி வைக்கும். சிடில இது 44,100 தடவ. நம்பரோட துல்லியமும் கம்மி, 12 பிட், அப்படின்னா மொத்தம் 4,096 படிக்கட்டுதான், சிடில 65,536. சத்தமா இருக்குறப்ப இது பெருசா தெரியாது, ஆனா ஒரு பியானோ நோட்டு தேஞ்சு தேஞ்சு 256ல ஒரு பங்கா அடங்கும்போது யோசிச்சு பாருங்க, அந்த 4,096ல வெறும் 16 படிதான் அதுக்கு மிச்சம், வழவழன்னு இறங்க வேண்டிய அலை மாடிப்படி மாதிரி வெட்டி வெட்டி இறங்கும். காதுக்கு அது பொடி மணலா கேக்கும்.

இன்னொரு விஷயம், அளக்குற வேகத்துல பாதிக்கு மேல இருக்குற எந்த அதிர்வையும் பிடிக்க முடியாது, அது சாம்ப்ளிங்கோட அடிப்படை விதி, ஒரு அலைக்கு குறைஞ்சது ரெண்டு அளவாவது வேணும். அதனால எஸ்பி-1200ல 13 கிலோஹெர்ட்ஸோட, அதாவது செகண்டுக்கு 13,000 அதிர்வோட, மேல் வாசல் மூடிடும். இளவயசு காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், சிம்பலோட சிலீர்னு ஒரு காத்து இருக்குமே, அதுல பெரும்பங்கு போயிடும்.

இதுக்கெல்லாம் மேல நினைவுப் பஞ்சம். மொத்த மெஷின்லயும் 10 செகண்ட் சத்தத்துக்குத்தான் இடம், ஒரு துண்டு 2.5 செகண்டுக்கு மேல போகக்கூடாது, டிரம், பேஸ், பியானோ எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். அதுக்கு அந்த காலத்து ஆளுங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, எனக்கு இன்னிக்கும் நெனச்சா சந்தோஷமா இருக்கு. எல்பி ரெக்கார்டு நிமிஷத்துக்கு 33⅓ தடவ சுத்தணும், அத 45ல ஓட விட்டு பதிவு பண்ணிக்குவாங்க, அப்ப 2.5 செகண்ட் இடத்துல 3.4 செகண்ட் இசை உக்காந்துடும். அப்புறம் மெஷினுக்குள்ள வேகத்த குறைச்சு பழைய சுருதிக்கு கொண்டு வருவாங்க. பேட்டரி தீர்ற வாக்மேன்ல பாட்டு இழுத்து இழுத்து அடிக்குரலுக்கு போறத கேட்டவங்களுக்கு தெரியும், வேகம் குறைஞ்சா சுருதியும் சேந்து இறங்கும், அதேதான்.

இடம் கிடைச்சிடுச்சு, ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. எஸ்பி-1200 வேகத்த குறைக்கிறது எப்படின்னா இருக்குற 100 நம்பர 135ஆ நீட்டணும்னா நடுவுல சில நம்பர ரெண்டு தடவ சொல்லிடும், அவ்வளவுதான், இடையில என்ன வந்திருக்கும்னு கணக்கு போட்டு நிரப்பாது. இதனால ரெண்டு விஷயம் நடக்குது. உண்மையான சத்தம் 13லேர்ந்து 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு இன்னும் சுருங்கிடும். அதோட ஒவ்வொரு சத்தத்துக்கும் மேல ஒரு கண்ணாடி பிம்பம் முளைக்கும், 8 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சத்தம் இருந்தா 11.3 பக்கத்துல அதோட நிழல் ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். டியூப்லைட் வெளிச்சத்துல ஃபேன் றெக்க பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, விட்டு விட்டு பாக்குறதால கண்ணு இல்லாத ஒண்ண பாக்குது, காதுக்கும் அதே ஏமாத்துதான். அந்த நிழல் ஒரிஜினலோட ராகத்துக்கு சொந்தமில்லாத சத்தம், அதனாலதான் லேசா தகரம் உரசுற மாதிரி ஒரு மினுக்கம். இத வழிச்சு எடுக்கத்தான் வெளிய வர்ற இடத்துல ஃபில்டர் வைப்பாங்க, எஸ்பி-1200ல இருக்குற எட்டு சேனல்ல கடைசி ரெண்டுக்கு ஃபில்டரே கிடையாது! நிழலோட அப்படியே வரும், டிரம்முக்கு கடிச்சு எடுக்குற மாதிரி ஒரு முரட்டுத்தனம் வேணும்னா அங்க வைக்கலாம்.

பிரீமியரோட கை பழகினது வேற மெஷின், ரோஜர் லின் வடிவமைச்ச அகாய் எம்பிசி60, கூடவே அகாய் எஸ்950ங்கிற சாம்ப்ளர். இதுங்களும் 12 பிட் தலைமுறைதான், கொஞ்சம் சுத்தமா கேக்கும். எம்பிசில எனக்கு முக்கியமா படுறது ஸ்விங், அதாவது தட்டுகள வேணும்னே கொஞ்சம் தள்ளி விழ வைக்கிறது. நிமிஷத்துக்கு 90 பீட்னு வச்சா ஒரு பீட்ட நாலா பிரிச்சா ஒரு துண்டு 167 மில்லிசெகண்ட், ரெண்டு துண்டுக்கு 333. சரி பாதியில, 50 சதவீதத்துல தட்டுனா கடிகாரம் மாதிரி இருக்கும். 54க்கு தள்ளுனா ரெண்டாவது தட்டு வெறும் 13 மில்லிசெகண்ட் லேட்டா விழும், தனியா எடுத்து லேட்டுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா தல தானா ஆட ஆரம்பிக்கும்.

ஆக, அஞ்சு பேரும் தனித்தனி ஸ்டுடியோ பழக்கத்தோட வந்தாலும் எல்லாரும் பழைய எல்பிலேர்ந்துதான் எடுக்குறாங்க, சாம்ப்ளருக்குள்ள குறைஞ்ச படிக்கட்டு, குறைஞ்ச நினைவு, மேல் வாசல் மூடின சத்தம். அந்த வாசல் மூடியிருக்குறதால நாஸோட குரலுக்கு அங்க இடம் காலியா கிடைக்குது, ஸ, ச மாதிரி எழுத்தோட சிலீர் சத்தத்துல ஒரு பங்கு அந்த மேல் பகுதி வரைக்கும் போகும், எவ்வளவு வேகமா ராப் பண்ணாலும் சொல் முங்கிப் போகாததுக்கு அதுவும் ஒரு காரணம்னு எனக்கு தோணுது. எஸ்பி-1200 மெஷின மறுபடியும் சமீபத்துல உண்டாக்கி வித்தப்ப கூட அதே 12 பிட்டோடதான் வித்தாங்க, நினைவு எவ்வளவு வேணா மலிவா கிடைக்கிற காலத்துல.

இதெல்லாம் காதால சரிபாக்கணும்னா மூணாவது பாட்டோட கடைசிக்கு போங்க. நாஸோட அப்பா ஓலு டாரா அங்க கார்னெட், அதாவது டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகருவி, வாசிக்கிறார், அது சாம்பிள் இல்ல, மைக் முன்னாடி நின்னு நேரா ஊதினது. கீழ லூப், அதாவது திரும்ப திரும்ப ஓடுற சாம்பிள் துண்டு, பழையபடி மங்கலா சுத்துது, மேல அந்த கார்னெட்ல உதடு பித்தளைல படுறதும் மூச்சு காத்தும் கூட கேக்குது. லூப் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கு, அப்பா ரூமுக்குள்ள நிக்கிறார்.